ஆஸ்பத்திரிக்கு வெளியே: தீவிர மனநோயோடு வாழ்பவருக்குத் துணை ஏற்பாடு செய்வது எப்படி

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் கையில் தருவது பெரும்பாலும் ஒரு மருந்துச்சீட்டு, ஒரு சம்மரி, அடுத்து எப்போது வர வேண்டும் என்ற தேதி, அவ்வளவுதான். அந்தத் தேதி வரை இடையில் கிடக்கும் நாட்களை என்ன செய்வது என்று யாரும் எழுதித் தருவதில்லை. காலையில் எழுந்ததும் அவர் எங்கே போவார், யாரோடு நாலு வார்த்தை பேசுவார், மாத்திரை வேண்டாம் என்று தட்டிவிட்டால் யாரைக் கூப்பிடுவது, ராத்திரி 2 மணிக்கு நிலைமை முற்றினால் என்ன வழி? இதற்கெல்லாம் பதிலாக இருக்கும் ஏற்பாடுகளைத்தான் சமூகம் சார்ந்த ஆதரவுச் சேவைகள் என்கிறார்கள். வீட்டுக்கே வந்து பார்க்கும் குழு, பகல்நேர மையம், வேலைக்கான துணை, தங்குமிடம், நெருக்கடி நேரத்து உதவி, குடும்பத்தாருக்கான குழு எல்லாம் இதில் அடக்கம்.

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரீனியா), பைபோலார் (மனம் அளவுக்கு மீறி எழும்புவதும் தாழ்வதுமாக மாறி மாறி வரும் நோய்), திரும்பத் திரும்ப வந்து ஆளையே முடக்கிப் போடும் மனச்சோர்வு, இவற்றோடு வாழும் வயதுவந்தவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். பேச்சு குடும்பத்தாரைப் பார்த்து இருந்தாலும், நோயோடு வாழ்பவரே படித்தால் இன்னும் நல்லது. முடிவுகள் அவருடையவைதானே.

முதலில் அவரைக் கேளுங்கள்

"எந்த சென்டர் நல்லது?" என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அவரோடு உட்கார்ந்து, அடுத்த ஒரு வருடத்தில் என்ன நடந்தால் நன்றாக இருக்கும் என்று கேளுங்கள். வேலைக்குப் போக வேண்டும் என்பார், தனி அறை வேண்டும் என்பார், பிள்ளையிடம் மறுபடி பேச வேண்டும் என்பார், காதில் கேட்கும் குரல்கள் கொஞ்சம் அடங்கினால் போதும் என்பார். "மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட வேண்டும்" என்பது உங்கள் ஆசை. அவர் வாயிலிருந்து அது முதலில் வருவது அபூர்வம், வர வேண்டிய அவசியமும் இல்லை. காலை வேலைக்குப் போக வேண்டும் என்று அவரே சொன்னால், மாத்திரையின் தூக்கக் கலக்கத்தைப் பற்றியும் எந்த நேரத்தில் போடலாம் என்பதைப் பற்றியும் டாக்டரிடம் பேசுவதற்கு அவருக்கே ஒரு காரணம் கிடைத்துவிடும்.

எதுவுமே சொல்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் அதைச் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முனைப்பும் பேச்சும் குறைந்துபோவது மனச்சிதைவின் அறிகுறிகளில் ஒன்று, குரல் கேட்பதற்குக் கொடுக்கும் மாத்திரை இதை அந்த அளவுக்குச் சரிசெய்வதில்லை. பெரிய கேள்வி கேட்காமல், இதுவா அதுவா என்று சின்னதாகக் கேளுங்கள். இன்னும் சிலர் "எனக்கு ஒரு நோயும் இல்லை" என்று உறுதியாக நிற்பார்கள். அந்த வாதத்தில் ஜெயிக்கப் பார்க்காதீர்கள், ஜெயித்தாலும் பிரயோஜனம் இல்லை. நோயின் பெயரில் ஒத்துப்போகாதவர்கூட தூக்கம் வரவில்லை, பயமாக இருக்கிறது, கையில் காசில்லை என்பதை ஒப்புக்கொள்வார். அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

அப்புறம் அவருடைய ஒரு வாரத்தை எடுத்து, எந்த நேரம் சும்மா கிடக்கிறது, எந்த நேரத்தில் நிலைமை மோசமாகிறது என்று இருவருமாகக் குறித்துக்கொள்ளுங்கள். இதைக் கையில் வைத்துக்கொண்டு சேவைகளைத் தேடினால், என்ன கேட்பது என்பது தானாகத் தெரியும்.

பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய ஒரு ஆள்

இருக்கும் உதவிகளிலேயே ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்: டாக்டர், வேலை, வீடு, உதவித்தொகை என்று எல்லா நூலையும் ஒரு கையில் பிடித்திருக்கும் ஒரு ஆள். கேஸ் மேனேஜர் என்பார்கள், சில இடத்தில் சோஷியல் வொர்க்கர், சில இடத்தில் சமூக மனநல நர்ஸ். பதவி எதுவானாலும் சரி, அவருடைய பெயரும் நம்பரும் உங்களிடம் இருக்க வேண்டும், உங்கள் கதையை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்ல வேண்டிய நிலை இருக்கக் கூடாது.

அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போய்வருபவர், அப்பாயின்ட்மென்டுக்கே வராதவர், தெருவில் வாழ்ந்தவர் போன்றவர்களுக்கு ஒரு தனி ஆள் போதாது, குழு வேண்டும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மேடிசன் நகரில் 1970களின் தொடக்கத்தில் ஸ்டைன், டெஸ்ட், மார்க்ஸ் என்ற மூவர் சேர்ந்து, ஆஸ்பத்திரி வார்டில் இருந்த பணியாளர்களை அப்படியே ஊருக்குள் அனுப்பிப் பார்த்தார்கள். வார்டில் நன்றாகச் சமைக்கவும் கடைக்குப் போகவும் பழகியவர் வீட்டுக்குப் போனதும் அதையெல்லாம் விட்டுவிடுகிறார், அப்படியானால் அவர் எங்கே வாழ்கிறாரோ அங்கேயே போய்ப் பழக்கினால் என்ன என்பதுதான் அவர்களுடைய எண்ணம். இன்று ஏசிடி (அசெர்ட்டிவ் கம்யூனிட்டி ட்ரீட்மென்ட்) என்ற பெயரில் பல நாடுகளில் நடப்பது இதுதான். ஒரு குழுவிலேயே மனநல மருத்துவர், நர்ஸ், வேலைக்கு உதவுபவர், போதைப் பழக்கத்தைப் பார்ப்பவர், நோயை அனுபவித்து வந்த ஒருவர் எல்லோரும் இருப்பார்கள். ஒரு பணியாளருக்குச் சுமார் 10 பேர், அதற்கு மேல் இல்லை. பெரும்பாலான சந்திப்பு அலுவலகத்துக்கு வெளியேதான்.

உங்கள் பகுதியில் ஒரு அமைப்பு இந்தப் பெயரைப் போட்டுக்கொண்டிருந்தால் பெயரை நம்பிவிடாதீர்கள். ஒருவர் எத்தனை பேரைப் பார்க்கிறார், வீட்டுக்கு வருவீர்களா, எத்தனை நாளைக்கு ஒருமுறை, இரவில் போன் எடுப்பது யார், அவர் இரண்டு முறை வரவில்லை என்றால் பெயரை நீக்கிவிடுவீர்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு "ஆமாம், அதுதான் விதி" என்று பதில் வந்தால் யோசிக்க வேண்டும். வராமல் போவது இந்த நோயில் சகஜம், அதற்குத் தண்டனையாகச் சேவையை நிறுத்தும் இடம் யாருக்காக நடக்கிறதோ தெரியவில்லை.

இப்படிக் குழுவோ கேஸ் மேனேஜரோ இல்லாத இடங்கள்தான் உலகில் அதிகம். அங்கே பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் கொஞ்சம் பொறுப்பை எடுத்துக்கொள்ள முடியும். இந்தியாவில் மூன்று இடங்களில் மனச்சிதைவு உள்ள 282 பேரோடு நடந்து 2014இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வில், டாக்டர் சிகிச்சையோடு, பயிற்சி பெற்ற சாதாரண சமூகப் பணியாளர்கள் வீட்டுக்குப் போய்த் துணை செய்தபோது, டாக்டர் சிகிச்சை மட்டும் கிடைத்தவர்களைவிட அறிகுறிகளும் அன்றாட முடக்கமும் ஓரளவு கூடுதலாகக் குறைந்தன. ஓரளவுதான், அற்புதமெல்லாம் இல்லை. ஆனால் பட்டம் பெற்றவர் கிடைக்கவில்லை என்பதற்காக யாருமே வேண்டாம் என்று விட்டுவிட வேண்டியதில்லை என்பது தெரிகிறது. குடும்பத்துக்கு வெளியே, அவர் மதிக்கும் ஒருவரை, வாரம் ஒருமுறை வந்து ஒரு மணி நேரம் கூட நடக்கச் சொல்லுங்கள். டாக்டரிடமும் அவரை அறிமுகப்படுத்தி வையுங்கள்.

டிஸ்சார்ஜுக்கு முன்னும் முதல் சில வாரங்களும்

தற்கொலை ஆபத்து மிக அதிகமாக இருப்பது ஆஸ்பத்திரியை விட்டு வந்த முதல் சில வாரங்களில்தான். அதனால் முதல் சந்திப்பு ஒரு மாதம் கழித்து என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், முதல் வாரத்துக்குள் யாராவது நேரில் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள், டாக்டர் இல்லாவிட்டால் நர்ஸாவது. மருந்து எத்தனை நாளைக்குக் கையில் இருக்கிறது, தீர்ந்தால் எங்கே வாங்குவது என்பதையும் வார்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே கேட்டு முடித்துவிடுங்கள்.

தினமும் மாத்திரைக்காகச் சண்டை நடக்கும் வீடு என்றால் நீண்ட நாள் வேலை செய்யும் ஊசி பற்றிக் கேளுங்கள். மருந்தைப் பொறுத்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மாதம் ஒருமுறை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று போடலாம். சமூக நர்ஸ் வீட்டுக்கே வந்து போடும் வசதி சில இடங்களில் உண்டு. சிலருக்கு இது பெரிய விடுதலை, சிலர் ஊசி என்றாலே தண்டனையாக நினைப்பார்கள், எனவே அவரைக் கேட்டுத்தான். இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், போதிய காலம் கொடுத்துப் பார்த்தும் மனச்சிதைவு அடங்காதவர்களுக்கு க்ளோசபின் என்ற மருந்து இருக்கிறது. வெள்ளை அணுக்கள் குறைந்துவிடும் ஆபத்து இருப்பதால் தொடர்ந்து ரத்தப் பரிசோதனை வேண்டும், அந்த அலைச்சலுக்குப் பயந்தே பலருக்கு இது தரப்படுவதில்லை. நீங்களாகவே பேச்சை எடுங்கள்.

புகை பிடிப்பவராக இருந்தால் இதைக் கவனியுங்கள், சொல்பவர்கள் குறைவு. சிகரெட், பீடிப் புகையில் உள்ள ரசாயனங்கள் க்ளோசபின், ஓலன்சபின் ஆகிய மருந்துகளைக் கல்லீரல் வேகமாகச் சிதைத்து வெளியேற்றும்படி செய்கின்றன. வார்டில் புகைக்க முடியாமல் இருந்தபோது சரியாக இருந்த அளவு, வெளியே வந்து பழையபடி புகைத்ததும் குறைந்துபோகும். தலைகீழாக, திடீரென்று விட்டால் ரத்தத்தில் மருந்து ஏறிவிடும். நிக்கோட்டின் இதைச் செய்வதில்லை, புகைதான் செய்கிறது. அதனால் நிக்கோட்டின் சூயிங்கத்துக்கு மாறினாலும் புகையை நிறுத்தியதாகத்தான் கணக்கு. விடுவதாக இருந்தாலும் மறுபடி ஆரம்பித்ததாக இருந்தாலும் டாக்டருக்குச் சொல்லிவிடுங்கள்.

உடம்பையும் யாராவது பார்க்க வேண்டும். தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அதில் பெரும்பங்கு இதய நோய், சர்க்கரை போன்ற சாதாரண வியாதிகளால்தான். எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு இவற்றை மருந்து தொடங்கும்போதே பார்த்து எழுதி வைத்து, பிறகு இடைவெளி விட்டுப் பார்க்க வேண்டும். பைபோலாருக்காக லித்தியம் என்ற மருந்து எடுப்பவருக்கு ரத்தத்தில் மருந்தின் அளவு, சிறுநீரகம், தைராய்டு கூடுதலாக. மனநல டாக்டர் பொது டாக்டர் பார்ப்பார் என்று நினைப்பார், பொது டாக்டர் இவர் பார்ப்பார் என்று நினைப்பார். யார் பொறுப்பு என்று நேருக்கு நேர் கேட்டு வையுங்கள்.

பகல் பொழுதும் வேலையும்

பகல்நேர மையங்களில் தரமானதும் உண்டு, ஆட்களை வரிசையாக உட்கார வைத்து டிவி போட்டுவிடும் இடங்களும் உண்டு. போய் ஒரு அரை நாள் இருந்து பாருங்கள். அங்கே வருபவர்கள் எதையாவது தீர்மானிக்கிறார்களா, பணியாளர்களும் அவர்களும் ஒரே மாதிரிக் கோப்பையில், ஒரே மேஜையில் டீ குடிக்கிறார்களா, இங்கே சேர்ந்து பிறகு வேலைக்கோ படிப்புக்கோ போனவர்கள் யாராவது இருக்கிறார்களா? எல்லோரும் பல வருடமாக ஒரே மெழுகுவர்த்தி செய்துகொண்டிருந்தால், அது மறுவாழ்வு மையம் இல்லை, பகல்நேரக் காத்திருப்பு அறை.

க்ளப்ஹவுஸ் என்ற முறை இதற்கு நேர் எதிரானது. 1948இல் நியூயார்க்கில் ஃபவுண்டன் ஹவுஸ் என்ற இடம் உருவானது, அரசு மனநோய் மருத்துவமனையில் சந்தித்து வெளியே வந்தபின்னும் ஒருவரையொருவர் விடாமல் கூடிய முன்னாள் நோயாளிகளின் முயற்சியில் வந்தது அது. அங்கே வருபவர் நோயாளி இல்லை, உறுப்பினர். சமையல், வரவேற்பு, கணக்கு எல்லாவற்றையும் உறுப்பினர்களும் பணியாளர்களும் சேர்ந்தே செய்வார்கள், அங்கிருந்து வெளி வேலைக்கும் போவார்கள். இப்போது பல நாடுகளில் இந்த முறை இருக்கிறது.

வேலை விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். "முதலில் முழுசாகக் குணமாகட்டும், ஒரு வருடம் ட்ரெயினிங் போகட்டும், அப்புறம் வேலையைப் பார்க்கலாம்" என்பது கேட்க நியாயமாக இருக்கும், நடைமுறையில் அந்த அப்புறம் வருவதே இல்லை. ஐபிஎஸ் (இண்டிவிஜுவல் ப்ளேஸ்மென்ட் அண்ட் சப்போர்ட்) என்ற வேலைத்துணை முறை வரிசையை மாற்றுகிறது: விருப்பம் இருந்தால் போதும், உடனே சாதாரணச் சம்பள வேலை தேட ஆரம்பித்து, வேலையில் சேர்ந்தபின் அங்கேயே துணை நிற்பார்கள். வேலைக்கு உதவுபவரும் சிகிச்சைக் குழுவும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசிக்கொள்வார்கள். அறிகுறி இன்னும் இருக்கிறது, குடிக்கிறார் என்று யாரையும் ஒதுக்குவதில்லை. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில் பழைய பாணிப் பயிற்சியைவிடச் சுமார் இரண்டு மடங்கு பேர் இதில் வேலைக்குப் போயிருக்கிறார்கள். இந்த முறை உங்கள் பக்கம் இல்லாவிட்டாலும் அதன் தர்க்கத்தைக் கடன் வாங்கலாம், வாரத்துக்கு ஐந்து மணி நேரமானாலும் நிஜ வேலை, கூடவே முதலாளியிடம் எதைச் சொல்வது எதைச் சொல்லாமல் விடுவது என்று அவரே தீர்மானிக்க ஒரு ஆள். உதவித்தொகை வாங்குபவர் என்றால், சம்பளம் வந்தால் அது நிற்குமா குறையுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

நோயைக் கடந்து வந்தவர்கள் துணையாக வேலை செய்யும் இடங்கள் இருந்தால் விடாதீர்கள். "நானும் அந்த வார்டில் இருந்தேன்" என்று ஒருவர் சொல்லும்போது கேட்கும் காது, நாம் ஆயிரம் முறை சொன்னாலும் கிடைக்காது.

தங்குமிடம்

வீட்டோடு இருப்பது, பணியாளர்கள் உள்ள குழு இல்லம், தனி வாடகை வீட்டில் இருந்துகொண்டு வாரம் சில முறை ஆள் வந்து பார்ப்பது என்று பல படி உண்டு. படிப்படியாகத் தகுதி பெற்று ஏற வேண்டும் என்பது பழைய எண்ணம். நியூயார்க்கில் 1992இல் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் தெருவில் வாழ்ந்த, மனநோய் உள்ளவர்களுக்கு நேராக வீட்டைக் கொடுத்தார், மருந்து சாப்பிட்டால்தான் வீடு, குடியை விட்டால்தான் வீடு என்ற நிபந்தனை இல்லாமல். பெரும்பாலானவர்கள் வீட்டைத் தக்கவைத்துக்கொண்டார்கள். சென்னையின் பேனியன் என்ற மனநல அமைப்பு நடத்தும் ஹோம் அகெய்ன் என்ற திட்டம், நீண்ட காலம் மனநலக் காப்பகத்தில் இருந்தவர்களைச் சாதாரணத் தெருக்களில் சாதாரண வீடுகளில் சிலராகச் சேர்ந்து வாழ வைக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட சமூக மனநலச் சேவை வழிகாட்டியில் அதையும் எடுத்துக்காட்டியிருக்கிறது.

ஒரு இல்லத்தைப் பார்க்கப் போனால் தோட்டத்தையும் டைல்ஸையும் பார்த்து மயங்காதீர்கள். வெளிக்கதவின் சாவி யாரிடம், போன் அவர் கையில் இருக்குமா, காசு அவர் பெயரில் இருக்குமா, நினைத்த நேரத்தில் நீங்கள் போகலாமா, பிடிக்கவில்லை என்றால் அவர் கிளம்பலாமா? கட்டிப்போடுவது, பூட்டி வைப்பது, அடிப்பது, சாப்பாட்டை நிறுத்துவது இதில் ஏதாவது ஒன்றின் வாடை அடித்தாலும் வேறு இடம் பாருங்கள். அங்கே வாழ்பவர் ஒருவரிடம் பணியாளர் பக்கத்தில் இல்லாமல் பேசக் கேளுங்கள், விட மறுத்தால் அதுவே பதில்.

நெருக்கடிக்கு முன்பே எழுதி வையுங்கள்

அவர் நன்றாக இருக்கும் காலத்தில், அவர் சொல்லச் சொல்ல, ஒரே பக்கத்தில். நிலைமை மாறும்போது முதலில் தெரிவது என்ன (பலருக்கும் தூக்கம் குறைவதுதான் முதல் அடையாளம், பைபோலாரில் குறிப்பாக), அப்போது எது உதவும், எது எரிச்சலைக் கூட்டும், யாரைக் கூப்பிடலாம், யாரைக் கூப்பிடவே கூடாது, எந்த மருந்து முன்பு ஒத்துக்கொள்ளவில்லை, ஆஸ்பத்திரி என்றால் எது, வீட்டில் குழந்தைகளையோ நாயையோ யார் பார்ப்பார்கள். சில நாடுகளில் இப்படிப்பட்ட முன்விருப்ப ஆவணத்துக்குச் சட்டத்திலேயே இடம் உண்டு, இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் அப்படி ஒன்று. உங்கள் நாட்டில் உண்டா என்று விசாரித்து, முறைப்படி பதிந்து வையுங்கள்.

ராத்திரியில் திறந்திருக்கும் இடம் எது என்றும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். இத்தாலியின் ட்ரியெஸ்டே நகரில் ஃப்ராங்கோ பசாலியா 1971இல் பெரிய மனநோய் மருத்துவமனைக்குப் பொறுப்பேற்றார், சில ஆண்டுகளில் அது மூடப்பட்டது, 1978இல் நாடு முழுவதும் இத்தகைய மருத்துவமனைகளை மூட வகைசெய்யும் சட்டமும் வந்தது. அங்கே அதற்குப் பதிலாக வந்தது இரவும் பகலும் திறந்திருக்கும், சில படுக்கைகள் மட்டுமே உள்ள சிறு மையங்கள், நெருக்கடியில் சில நாள் தங்கிவிட்டு அதே தெருவுக்குத் திரும்பலாம். அப்படி ஒன்று எல்லா ஊரிலும் இருக்காது. இல்லாத ஊரில், மனநலப் பிரிவு உள்ள அவசர சிகிச்சை எங்கே, நெருக்கடிக்கால உதவி எண் எது, வண்டி எப்படி என்பதையாவது அந்தப் பக்கத்தின் மேலே எழுதுங்கள்.

சாக வேண்டும் போலிருக்கிறது என்ற தொனி பேச்சில் வந்தால் சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "தற்கொலை பற்றி யோசிக்கிறீர்களா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள், மாத்திரைக் கையிருப்பு, பூச்சிமருந்து போன்றவற்றைக் கைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள், அன்றே அவசர உதவிக்குப் போங்கள்.

நீங்களும்தான்

1950களிலும் 60களிலும் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளரும் அவருடைய சகாக்களும், வார்டை விட்டு வீட்டுக்குப் போனவர்களில் யாருக்கு நோய் திரும்புகிறது என்று பார்த்தார்கள். ஓயாத குறைகூறல், வெறுப்பு, அளவுக்கு மீறிய கவலையோடு கையைப் பிடித்துக்கொண்டே இருப்பது, இவை உள்ள வீடுகளில் அதிகம் திரும்பியது. அதன்பின் வந்த ஆய்வுகளில், அப்படிப்பட்ட உறவினரோடு வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகம் பார்த்துக்கொண்டே இருந்தவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல் என்று தெரிந்தது. நோய்க்குக் குடும்பம்தான் காரணம் என்று இதற்கு அர்த்தம் இல்லை, அப்படிச் சொல்லும் ஆலோசகரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அர்த்தம் என்னவென்றால், பகலில் அவருக்கும் உங்களுக்கும் வேறு வேறு இடம் இருப்பது சிகிச்சையின் ஒரு பகுதி. குடும்பத்துக்கு நோயைப் பற்றிச் சொல்லிக்கொடுத்து, பேசும் விதத்தையும் பழக்கும் பயிற்சிகள் நோய் திரும்புவதைக் குறைக்கின்றன. சில மாதங்களாவது தொடரும் பயிற்சியாகப் பார்த்துச் சேருங்கள், ஒரு நாள் வகுப்பு போதாது.

பெற்றவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி, எங்களுக்குப் பிறகு யார் என்பது. அதைக் கடைசி வரை ஒத்திப்போடாதீர்கள். இப்போதிருந்தே மாதம் ஓர் இரவு, பிறகு ஒரு வாரம் என்று அவர் வேறு இடத்தில் இருந்து பழகட்டும். பேங்க் கணக்கை அவரே இயக்கப் பழகட்டும், உதவி தேவை என்றால் கூட ஒருவர் கையெழுத்து போடும் ஏற்பாடு செய்யலாம். சொத்து, காப்பாளர் விஷயத்துக்கு மனநலச் சட்டம் தெரிந்த ஒரு வக்கீலைப் பாருங்கள், சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் உறவினர் விஷயத்தில் வாய்ச்சொல் போதாது. டிஸ்சார்ஜ் சம்மரிகள், மருந்துப் பட்டியல், நெருக்கடிப் பக்கம், உதவித்தொகை காகிதங்கள், கேஸ் மேனேஜர் நம்பர் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு, அவரிடம் ஒரு பிரதி, தம்பியோ தங்கையோ நண்பரோ இரண்டாவதாகப் பொறுப்பேற்கச் சம்மதித்தவரிடம் ஒரு பிரதி. அந்த இரண்டாவது ஆளை அடுத்த ஓபிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், டாக்டருக்கு முகம் தெரியட்டும்.